தீட்டு எட்டாத ரத்தம்

எச்சில் துப்பச் சொல்லி ஒரு மனுஷனுக்குத் தபாலில் குழாய் வரும் என்று என் கல்யாண காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அவன் காலடியிலேயே துப்பிக் காட்டியிருப்பேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள்தான் அதை அனுப்பிவைத்தாள். ஏதோ ஒரு கம்பெனி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்ததாம். காசு கொடுத்தது அவளுக்கு, இலவசம் எனக்கு. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால், நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், நமக்கு என்ன நோய் வரும், தலை வழுக்கை விழுமா என்பதெல்லாம் போனுக்கே வந்துவிடுமாம். வழுக்கையைக் கண்டுபிடிக்க எச்சில் எதற்கு, என் தலையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அவள் சிரிக்கவில்லை. படித்த பிள்ளைகள் என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. படிக்காதவர்கள் என்னைப் பார்த்தே சிரித்துவிடுவதால் ஜோக் வரைக்கும் அவர்கள் வருவதில்லை.

நான் கொல்லிமலைக்காரன். குச்சிக்கிழங்கும் கொஞ்சம் மிளகும் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குள் நான் போவது ஓட்டுப் போட மட்டும்தான். அங்கேயும் விரலில் மை வைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள்.

துப்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் எதுவும் தின்னக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது என்று மகள் போனில் சொன்னாள். வெற்றிலை இல்லாத வாயில் எனக்கு எச்சிலே ஊறவில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி வாயை அசைபோட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊரு ரோடெல்லாம் துப்பி வெச்சிருக்கிற மனுசன், ஒரு குழாய்க்குத் துப்ப வக்கில்லையாக்கும்" என்றாள் என் வீட்டுக்காரி. புளியங்காயை என் கண்ணெதிரில் அவள் கடித்துக் காட்டிய பிறகுதான் குழாய் நிறைந்தது.

அதோடு மறந்துவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நின்றாள். தீபாவளிக்கே லீவு இல்லை என்று சொல்கிறவள்.

"ஏனுங்கப்பா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதான் கண்ணு இருக்கிறேன்."

"செரி. பயந்துக்காதீங்க."

பயந்துகொள்ளாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு இடத்தில் மட்டும் சிவப்பாக எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு தெரியும்.

இதயத்தின் தசையைக் கட்டுகிற வேலைக்கு உடம்புக்குள் எழுதி வைத்திருக்கிறதாம். என்னுடையதில் அந்த எழுத்து ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறதாம். அப்படி இருக்கிற சிலருக்கு நெஞ்சுத் தசை தடித்துப்போய், நன்றாக இருக்கும்போதே திடீரென்று விழுந்துவிடுவார்களாம்.

"எழுத்தே தெரியாதவனுக்குள்ள எழுத்துப் பிழையா சாமி?" என்றேன்.

இந்த முறையும் அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நேற்று வரைக்கும் மூட்டை தூக்கிய நெஞ்சு, அந்த நிமிஷத்திலிருந்து யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போன பச்சைக் குழந்தை மாதிரி ஆகிவிட்டது. மெதுவாக மூச்சு விட்டேன்.

"இது நோவு இருக்குதுன்னு அர்த்தமில்லீங்கப்பா. வரலாம், வராமயும் போகலாம். இந்த எச்சில் கம்பெனிக்காரன் சொல்றது தப்பாவும் இருக்கலாம். அவனே அடியில எழுதியிருக்கிறான், இத வெச்சு எதும் முடிவு பண்ணாதீங்க, டாக்டர்கிட்டப் போங்கன்னு. நல்ல லேப்ல ரத்தம் குடுத்து மறுபடி பாக்கோணும்."

"உனக்கு கண்ணு?"

"என்னோடதுல அது இல்லீங்கப்பா. அதையும் டாக்டர்கிட்டக் கேட்டுக்கலாம்."

அப்பன் சொத்து எதுவும் மகளுக்குப் போகவில்லை என்று முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இதய டாக்டர் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண்ணாக இருப்பார். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். பசையைத் தடவி, உள்ளே இருப்பதை டிவியில் காட்டினார்கள். என் இதயம் சந்தைக்குப் போகிற கோழி மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்ல யாருக்காவது இதய நோய் இருந்துதாங்க ஐயா? திடீர்னு இறந்துபோனவங்க?"

"இல்லீங்கம்மா. எங்கூட்ல எல்லாரும் முறையா நோவு வந்துதான் செத்தாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒரு பதிலுக்கு நான் பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். மகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். முடிவு வந்ததும் கேட்க நான் மட்டும் மலையிறங்கிப் போனேன்.

எச்சிலில் வந்தது பொய்யில்லை என்றார் டாக்டர். பிழை இருக்கிறது. ஆனால் இதயம் இதுவரைக்கும் நன்றாக இருக்கிறது. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும்.

"வெதை இருக்குது, மொளைக்கல" என்றேன்.

"சரியாச் சொன்னீங்க. ஆனா இது உங்ககூட முடியற விஷயம் இல்ல ஐயா. உங்க ரத்த சொந்தங்களையும் பாத்துரணும். அவங்கள்ல யாருக்காவது இது முளைச்சே இருக்கலாம். தெரியாம மூட்டையத் தூக்கிட்டு மலை ஏறிட்டு இருப்பாங்க. சில பேருக்கு, விழறதுதான் முதல் அறிகுறி. அதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம்."

மலையடிவாரம் காரவள்ளி வரைக்கும் அந்த வார்த்தைதான் காதில் இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது, ரோட்டோரம் சுமை தூக்கிப் போகிற ஒவ்வொரு ஆளையும் எட்டி எட்டிப் பார்த்தேன். இவனா, அவனா?

ரத்த சொந்தம் யார் என்று கண்டுபிடிக்க எங்கள் மலையில் டாக்டர் வேண்டியதில்லை. ஒரு சாவு விழுந்தால் போதும். எந்தெந்த வீட்டுக்குத் தீட்டு வருகிறதோ, எந்தெந்த வீட்டில் கருமாதி வரைக்கும் நல்ல காரியம் நிற்கிறதோ, அந்த வீடெல்லாம் ஒரே ரத்தம். பங்காளிகள். என் தாத்தாவுக்குத் தாத்தா வழியில் வந்தவனாக இருந்தாலும் அவன் எனக்கு அண்ணன் தம்பிதான். கட்டிக்கொடுத்த பெண் வருவாள், மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள், எடுத்த பிறகு தலை முழுகிவிட்டு அவள் வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைப்பாள். அவள் புருஷன் வீட்டு ரத்தம் ஆகிவிட்டாள். இது சட்டம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன்.

ஆகவே பங்காளிகளைக் கூட்டினேன்.

"டேய், உனக்கு வந்த நோவுக்கு எங்கள எதுக்குடா ஊசி போடக் கூட்டிட்டுப் போற?" என்றார் பெரியப்பா மகன். எங்களில் அவர்தான் மூத்தவர்.

"ஊசி இல்லீங்கண்ணா. டிவியில நெஞ்சக் காட்டுவாங்க."

"எனக்கு நெஞ்சு இருக்குதுன்னு உங்க அண்ணிகிட்டக் காட்டோணும். அவ நம்பறதில்ல."

ஒரு டெம்போவைப் பேசி ஏற்றினேன். ஒருத்தர் டாக்டருக்கென்று மலை வாழைத் தாரைத் தூக்கி வந்தார். ஒருத்தர் ஆஸ்பத்திரி என்பதால் கோடித் துண்டு போட்டு வந்தார். வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். சேலம் போய் இறங்கியபோது, நெஞ்சு நோவு எவனுக்கு இருக்கிறது என்று கேட்டால் எல்லாரையும் கை காட்டலாம் என்கிற மாதிரி இருந்தார்கள்.

டாக்டர் வராந்தாவுக்கு வந்து பார்த்தார். வாழைத்தாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவங்கெல்லாம் யாருங்க ஐயா?"

"நீங்க சொன்னீங்கல்லம்மா, ரத்த சொந்தம். எல்லாம் எங்கூடப் பொறந்தவங்க."

"எல்லாருமா? ஒரே அம்மாவுக்கா?"

பெரியப்பா மகன் முன்னால் வந்தார். "அம்மா வேற வேறங்க. அப்பாவும் வேற வேறதான். ஆனா மேல போயிப் பாத்தா ஒண்ணுங்க."

டாக்டர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எங்களை உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டார். உங்கள் பக்கத்தில் யாராவது நன்றாக இருக்கும்போதே திடீரென்று இறந்திருக்கிறார்களா? இல்லை, இல்லை, இல்லை. கடைசியில் கோடித் துண்டுக்காரர்தான் சொன்னார்.

"எங்க பக்கம் யாருமில்லீங்கம்மா. ஆனா இவங்கம்மாவக் காத்தடிச்சிருச்சு."

"காத்து அடிச்சிருச்சுன்னா?"

"கெழங்கு பறிக்கப் போனாங்க. வெயிலு நேரம். கூடையத் தூக்கினவங்க அப்படியே பலாமரத்தடியில உக்காந்தாங்க. போயிட்டாங்க. கறுப்பு அடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. நல்ல வயசுங்க, நாப்பதுகூட இருக்காது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் அன்னிக்குக் கேட்டேனே ஐயா?"

"நீங்க நோவுன்னு கேட்டீங்கம்மா. அது நோவு இல்ல, காத்து..."

சொல்லும்போதே என் குரல் இறங்கிப்போனது. இத்தனை வருஷம் அந்தப் பலாமரத்தடியில் பேய் இருக்கிறது என்று நான் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அது என் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்து என்னோடு சுற்றி வந்திருக்கிறது.

"இது அம்மா வழியில வந்திருக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நீங்க கூட்டிட்டு வந்திருக்கறது பூராவும் அப்பா வழி. அந்த அம்மாவுக்கு உங்களத் தவிர வேற பிள்ளைங்க?"

"இல்லீங்க. நான் ஒருத்தன்தான். ஒரு தங்கச்சி இருந்தா, கட்டிக் குடுத்துட்டோம்."

"இருந்தான்னா? இறந்துட்டாங்களா?"

"ஐயையோ, நல்லா இருக்கறாங்கம்மா. எங்க மலையிலயே திருப்புலி நாட்டுல. கட்டிக் குடுத்துட்டோம்னுதான்..."

"கட்டிக் குடுத்தா ரத்தம் மாறிடுமா ஐயா?"

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஊரையே டெம்போவில் ஏற்றி வந்தவன், ஒரே வயிற்றில் பிறந்தவளை மலை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவள் அந்த நேரத்தில் கிழங்குக் காட்டில் இருப்பாள். தலையில் சுமை இருக்கும்.

மறுநாள் விடிந்ததும் தங்கச்சி ஊருக்குப் போனேன். அவள் காட்டிலிருந்து மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். பாதியில் நின்று, சுமையை இறக்கி வைத்து, கல்லின் மேல் உட்கார்ந்தாள். நான் ஓடினேன்.

"என்னண்ணா, நாய் தொரத்துன மாதிரி ஓடியாற?"

"ஏன் சாமி உக்காந்துட்ட?"

"நடுவால ஒருக்கா உக்காந்துட்டுத்தான் எப்பவும் வருவேன். நெஞ்சுக்குள்ள ஆட்டுக்குட்டி துள்ற மாதிரி ஆகும். அப்பறம் செரியாப் போயிரும்."

"எவ்வளவு நாளா?"

"சின்னவ பொறந்ததுல இருந்து. வயசாகுதில்ல?"

அவளுக்கும் நாற்பது ஆகவில்லை. சுமையை நான் தூக்கிக்கொண்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சோற்றுத் தட்டைக்கூட நான் தூக்கி அவள் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் புருஷன் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எல்லாவற்றையும் சொன்னேன். எச்சில், ரத்தம், டெம்போ, டாக்டர், அம்மா. மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. எங்கூட்ல யாருக்கும் இந்த நோவு கெடையாது. பொண்ணு வயசுக்கு வந்து நிக்குது. அம்மாகாரிக்கு நெஞ்சு நோவாம், பரம்பரையாமுன்னு வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

தங்கச்சி அதைவிட மேலே போனாள். "நான் இந்தூட்டு ஆளுண்ணா. உங்கூட்டு நோவு எனக்கெதுக்கு? அப்பா செத்தப்போ தீட்டுக்கூட எனக்கில்லைன்னு தலைமுழுக வெச்சு அனுப்புனீங்க. இப்ப நோவுக்கு மட்டும் பங்குக்குக் கூப்பிடறியாக்கும்?"

நான் ஆஸ்பத்திரியில் பேசின சட்டத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னாள். பதில் இல்லாதபோது என் வாய் தானாக எதையாவது பேசும்.

"சாமி, உனக்குக் கட்டில் குடுத்தோம், பித்தாளக் குண்டா குடுத்தோம், ஆடு ரெண்டு குடுத்தோம். அதுங்கூட இதையும் சேத்துக் கட்டி அனுப்பிட்டோம்னு இப்பத்தான் தெரியுது. தெரிஞ்சிருந்தா அத மட்டும் எடுத்து நானே வெச்சிருப்பேன். திருப்பி வாங்க முடியாது. டாக்டர்கிட்டக் காட்டத்தான் முடியும். வா சாமி."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கச்சி பயந்துவிட்டாள். நான் சாவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்கவைத்துவிட்டு வருகிறவன்.

"சும்மா அழுது தொலைக்காத. வாரேன்" என்றாள். மாப்பிள்ளை மிளகின் மேல் சாக்கை மூடினார். "நானும் வாரேன். ஆனா யாருகிட்டயும் சொல்லக்கூடாது மச்சான்."

சேலத்தில் அவளைப் படுக்கவைத்து அதே பசையைத் தடவினார்கள். என் படத்தை எடுத்தபோது டாக்டர் பேசிக்கொண்டே எடுத்தார். இவளுடையதை எடுக்கும்போது பேச்சு நின்றது. ஒரே இடத்தில் அந்தக் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். டிவியைப் பார்க்கத் தெரியாதவனுக்கும் முகம் பார்க்கத் தெரியும்.

இதயத்தின் நடுச்சுவர் நன்றாகத் தடித்துவிட்டது என்றார். ஒரு நாள் முழுக்க ஒயர் மாட்டிப் பார்த்ததில், ஆட்டுக்குட்டி துள்ளுவது வெறும் துள்ளல் இல்லை என்று தெரிந்தது. எந்த நேரத்திலும் நின்றிருக்கலாமாம். தோலுக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு மிஷின் வைக்க வேண்டும். நெஞ்சு தறிகெட்டு ஓடினால் அதுவே ஒரு உதை விட்டு வழிக்குக் கொண்டுவரும். இனிமேல் மேட்டில் சுமை தூக்கக்கூடாது.

"எந்த நேரத்திலும்" என்ற சொல்லில் மாப்பிள்ளை நின்றுபோனார். நான் போய்ச் சொன்னதற்கு முந்தின மாலைகூட அவர்தான் சுமையைத் தூக்கி அவள் தலையில் வைத்திருக்கிறார்.

தங்கச்சி மட்டும் அழவில்லை. "மிஷின் வெச்சா பச்சத்தண்ணியில கை வெக்கலாங்களா?" என்று டாக்டரிடம் கேட்டாள். வைக்கலாம் என்றார். "அப்ப செரிங்க" என்றாள்.

டாக்டர் அவளுடைய சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே கேட்டார். "பிள்ளைங்க எத்தனை பேரு?"

"பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணுங்க" என்று சொன்ன தங்கச்சிக்கு, சொன்ன பிறகுதான் கேள்வி விளங்கியது. தனக்கு அழாதவள் அப்போது அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். வெளியே தெரிந்தால் எவன் பெண் கேட்பான் என்றவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ரெண்டு பேரையும் நாளைக்கே கூட்டியாந்தர்றனுங்கம்மா" என்றார்.

மிஷின் வைத்தாகிவிட்டது. தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். காட்டுக்குப் போகக்கூடாது என்றதால் வாசலில் உட்கார்ந்து காட்டில் இருக்கிறவர்களை ஏவிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் இரண்டு பேரின் இதயமும் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் பையனுக்கு அந்தப் பிழை இல்லை என்று வந்துவிட்டது. பெண்ணுடையது இன்னும் வரவில்லை. வந்ததும் போனில் சொல்கிறோம் என்றார்கள்.

அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டில் ஒரு பாறை மேல் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். போன வாரம் நான் போனபோது, மிளகு பறிக்காமல் மாப்பிள்ளை அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் போன். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே அவருடைய மகள் குடத்தோடு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஏறி வருகிற வரைக்கும் இரண்டு பேரும் அவளையே பார்த்தோம். நடுவில் அவள் நிற்கவில்லை.

"ஏதாச்சும் சொல்லுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"என்ன மாப்ள சொல்ல?"

"எப்பவும் ஒளறுவீங்கல்ல. அந்த மாதிரி ஏதாச்சும்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. போனில் சிக்னல் கோடு ஒன்று வந்தது, போனது, மறுபடி வந்தது. அவர் போனைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தார்.